உடைவதற்கென்று ஒரு தகடு

ஜனவரி 4, ஞாயிறு

கயிறு இன்றைக்கு அறுந்துவிட்டது. கயிறு அறுந்தது என்று சொல்வது கயிற்றுக்குச் செய்யும் அநியாயம். கயிறு கல்லுமாதிரி இருக்கிறது. அதன் முனையில் மாட்டியிருக்கிற விரல் நீளத் தகடுதான் பட்டென்று போய்விட்டது.

முன்னால் இழுவை விமானம், ஒரு காலத்தில் பயிருக்குப் பூச்சிமருந்து தெளித்த கிழட்டு வண்டி. பின்னால் என்ஜின் இல்லாத கிளைடரில் நான். நடுவில் கயிறு. அது இழுத்துக்கொண்டு போய் உயரத்தில் விட்டால் அதற்குப் பிறகு நம் சமர்த்து. இன்று பாதி உயரம்கூடப் போகவில்லை. இடது பக்கம் திரும்பினோம். கயிறு தானாகத் தொய்ந்தது. பிறகு தானாக வெடுக்கென்று இறுகியது. அடுத்த நொடி முன்னால் போன விமானம் என்னை யாரென்றே தெரியாத மாதிரி அதன் வழியில் போய்க்கொண்டிருக்கிறது.

சுற்றி வந்து ஓடுபாதையில் இறங்கினேன். கிளப்பில் நாலு பேர் கை தட்டினார்கள். கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு கீழேயே நிற்கிற கூட்டம் அது. பறப்பதைவிடப் பறப்பதைப் பற்றிப் பேசுவதில் கெட்டிக்காரர்கள்.

இழுவை விமானத்தை ஓட்டியது மைதிலி, என் மகள். "கிளைடர், கயிறு விட்டுப்போச்சு. நீங்க ஓகேவா?" என்று ரேடியோவில் கேட்டாள். "ஓகே" என்றேன். போன ஆடியில் சண்டை போட்டுக்கொண்டு ஓடுபாதைக்குப் பக்கத்தில் அறை எடுத்துப் போனவள். அதற்குப் பிறகு இதைவிட நீளமாக நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

நான் இந்தக் கிளப்பில் சேர்ந்தது முதுகுவலிக்காக. ஏதாவது பொழுதுபோக்கு வைத்துக்கொள்ளச் சொன்னார் டாக்டர். மைதிலி அங்கே வேலை பார்ப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. என் மனைவி ருக்குமணியிடம் இதைப் பல தடவை சொல்லியாகிவிட்டது.

"முதுகுவலிக்காரனை அந்தப் பொட்டிக்குள்ள மடங்கி உக்காரச் சொன்ன டாக்டரு யாருங்க? நானும் போய் ஒருக்கா பாத்துட்டு வரேன்" என்கிறாள்.

ஜனவரி 5, திங்கள்

லேத் ஓட்டுகிற பழனியப்பன் லீவு. மச்சினிச்சி வீட்டு விசேஷமாம். இவனுக்கு எத்தனை மச்சினிச்சிகள் என்று கேட்க வேண்டும்.

நேற்று எதிராஜ் எனக்குப் பாடம் எடுத்ததை எழுத மறந்துவிட்டேன். கிளப்பின் தலைமைப் பயிற்சியாளர். விமானப்படையிலிருந்து ஓய்வு பெற்றவர். மீசை மட்டும் இன்னும் பணியில் இருக்கிறது.

"சார், அந்தத் தகடு உடையறதுக்குத்தான் இருக்கு. அதுக்குப் பேரே வீக் லிங்க். தாங்க முடியாத பாரம் வந்தா உங்க இறக்கை போகக் கூடாது, முன்னாடி இழுக்கறவங்க வால் போகக் கூடாது. அதுக்கு முன்னாடி தகடு போயிடணும். ஐந்நூறு கிலோவுக்கு மேல தாங்கக் கூடாதுன்னே பண்ணியிருக்காங்க. உங்க வீட்டு பியூஸ் மாதிரி."

உடைவதற்கென்று ஒரு சாமானைத் தயாரித்து, அழகாகப் பெட்டியில் அடுக்கி, கப்பலேற்றி அனுப்புகிறான் ஒருவன். இவர்கள் பயபக்தியோடு வாங்கி மாட்டுகிறார்கள். நான் முப்பது வருடமாக பம்புக்கு ஷாஃப்ட் செய்கிறேன். என் பட்டறைக் காலண்டரில் "உடைந்தால் வேறு தருவோம்" என்று போட்டிருக்கிறேன். இன்றுவரை ஒரு ஆள் வந்து வேறு கேட்டதில்லை. என்னிடம் வந்து உடைவது நல்லது என்கிறார் மீசைக்காரர்.

பியூஸ் கதையும் எனக்குத் தெரியும். மிக்ஸி போட்டால் பியூஸ் போகிறது என்று ருக்குமணி புலம்பியபோது நான் தடிமனான கம்பியாகப் பார்த்துக் கட்டினேன். வீடு இன்னும் எரிந்துவிடவில்லை.

ஜனவரி 11, ஞாயிறு

மறுபடியும் போய்விட்டது. இந்தத் தடவை ஓடுபாதையிலேயே, எல்லார் கண்முன்னாலும். மைதிலி கயிற்றின் தொய்வை இழுத்து இறுக்கிக்கொண்டு மெதுவாக நகர ஆரம்பித்தாள். என் பிரேக் கொஞ்சம் பிடித்திருந்தது என்கிறார்கள். பிரேக் பிடிக்கத்தானே இருக்கிறது? படார். அவள் விமானம் மட்டும் தாவி ஓடியது. நான் பொருட்காட்சியில் வைத்த பொம்மை மாதிரி நின்ற இடத்தில் நின்றேன்.

மெக்கானிக் சிக்கந்தர் வேறு தகடு கொண்டுவந்தான். இரண்டு இரும்பு ஓடுகளுக்கு நடுவே தகட்டை வைத்து போல்ட் முடுக்கிவிடுவார்கள். முடுக்கிவிட்டால் உள்ளே இருப்பது யார் கண்ணுக்கும் தெரியாது.

"ஏனுங்ணா, உங்களுக்கு மட்டும் ஒடையுதுங்களே?" என்றான்.

கேள்வியைப் பார். இந்த வாரம் மூன்று பேர் பறந்தார்களாம், ஒருவருக்கும் உடையவில்லையாம். தரம் ஒரே சீராக இல்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

ஆராய்ச்சிக்காக மூன்று தகடுகள் கேட்டு வாங்கி வந்தேன்.

ஜனவரி 13, செவ்வாய்

பட்டறையில் இரும்பை இழுத்துப் பார்க்கிற மிஷின் இருக்கிறது. மூன்று தகடுகளையும் ஒவ்வொன்றாக வைத்து இழுத்தேன். முதலாவது ஐந்நூறில் போனது. இரண்டாவது ஐந்நூறைத் தாண்டி ஒரு முள் நகர்ந்ததும் போனது. மூன்றாவதும் அதே இடத்தில். ஒன்றாவது அறுநூறு தாங்கட்டுமே! ஒன்றுகூட இல்லை. மூன்றும் சொல்லிவைத்த மாதிரி ஒரே மட்டம்.

ஓரம்கூட மழுக்கவில்லை. விரலை வைத்தால் கிழிக்கும். என் பட்டறையில் ஓரம் மழுக்காத சாமான் வாசலைத் தாண்டாது. மைதிலி சின்னப் பிள்ளையாக இருந்தபோது பட்டறையில் ஓடி விளையாடி ஒரு ஷாஃப்ட் முனையில் உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டாள். அன்றிலிருந்து இந்தச் சட்டம்.

ஜனவரி 15, வியாழன். பொங்கல்

மைதிலி வந்தாள். ருக்குமணி கூப்பிட்டதால் வந்தாள். இளைத்திருக்கிறாள். கிளப் கேன்டீனில் என்னத்தைப் போடுகிறார்களோ.

சாப்பிட்டு முடித்ததும் சொன்னாள். "மாலத்தீவுல ஒரு கம்பெனிங்கப்பா. தண்ணி மேல எறங்குற விமானம். எடுத்துக்கிட்டாங்க. மார்ச்சுல போய்ச் சேரோணும்."

தண்ணீர்மேல் இறங்குவது ஒரு வேலையா? நொய்யல் குளத்தில் கொக்கு தினமும் இறங்குகிறது. அதை யாரும் வேலைக்கு எடுத்துக்கொள்ளவில்லை. பட்டறைக்கு வைத்திருப்பது இவள் பெயர். வாசலில் ஆள் உயரத்துக்கு எழுதியிருக்கிறது. பெயர்ப்பலகையில் இருப்பவள் பட்டறை வேண்டாம் என்றாள், பார்த்த மாப்பிள்ளை வேண்டாம் என்றாள், இப்போது தரையே வேண்டாம் என்கிறாள்.

"போயிட்டு வான்னு ஒரு வார்த்த சொல்லுங்கப்பா. அது போதும் எனக்கு" என்றாள்.

பொங்கலில் வெல்லம் கம்மி என்று ருக்குமணியிடம் சொன்னேன். கம்மியாகத்தான் இருந்தது.

ஜனவரி 19, திங்கள்

தகடு ஒன்று செய்தேன். பழனியப்பனிடம் கொடுக்கவில்லை, நானே உட்கார்ந்து செய்தேன். அதே அளவு, அதே துளை, அதே நீலப் பெயின்ட். இரும்பு மட்டும் நம் இரும்பு, ஷாஃப்ட்டுக்குப் போடுகிற ரகம், காய்ச்சித் தோய்த்தது. ஓரத்தை அரம் போட்டு மழுக்கினேன். கையில் வைத்துப் பார்த்தால் வெளிநாட்டுச் சாமான் வெட்கப்படும்.

ஜனவரி 24, சனி

வாராந்திரக் கயிறு சோதனைக்கு நானும் ஒத்தாசை செய்தேன். சிக்கந்தர் டீ குடிக்கப் போன நேரத்தில் வேலை முடிந்தது. என்ன வேலை என்று இங்கே எழுத வேண்டியதில்லை. தேங்காய் விலை இறங்கிவிட்டது. காருக்கு சர்வீஸ் விட வேண்டும்.

ஜனவரி 25, ஞாயிறு

உடையவில்லை!

அதே இடது திருப்பம். கயிறு வழக்கம்போல் தானாகத் தொய்ந்து வெடுக்கென்று இறுகியது. என் பல் கிட்டித்தது. தகடு அசையவில்லை. மைதிலி என்னை உச்சிவரை கொண்டுபோய் விட்டாள். வெள்ளியங்கிரி மலை தெரிகிற உயரம். இவ்வளவுதான் விஷயம். இதற்கு ஒரு பெட்டி, ஒரு மீசை, ஒரு பாடம்.

இறங்கியதும் மைதிலி கயிற்றைக் கையில் பிடித்தபடி என்னிடம் வந்தாள். தானாக வந்து பேசினாள்.

"திருப்பத்துல ஒரு வெடுக்கு வந்துச்சே, தெரிஞ்சுதுங்களா? என் வாலே ஒருக்கா தூக்கிப் போட்டுச்சு. அதுக்கு ஒடைஞ்சிருக்கோணுமே."

"நல்ல சாமான் வந்திருக்கும்" என்றேன்.

கயிற்றைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், போய்விட்டாள். முடியைக் குட்டையாக வெட்டியிருக்கிறாள். நன்றாகவே இல்லை.

பிப்ரவரி 1, ஞாயிறு

பறந்தேன். உடையவில்லை.

பிப்ரவரி 8, ஞாயிறு

இன்று காற்று சீராக இருந்தது. நெடுநேரம் இழுத்துக்கொண்டு போகச் சொன்னேன். கிளப்பில் கேட்டார்கள், எதற்கு அவ்வளவு உயரம் என்று. உயரம் வேண்டியிருக்கிறது, கேட்டேன், உங்களுக்கென்ன?

இழுவையில் இருக்கும்போது பார்வை முன்னால் போகிற விமானத்தை விட்டு அகலக் கூடாது என்பது விதி. இவர்கள் போட்ட விதிகளில் உருப்படியானது இது ஒன்றுதான். பின் கண்ணாடி வழியாக அவள் தலை தெரிகிறது. திரும்புவதற்கு முன்னால் தலையை லேசாகச் சாய்த்துப் பார்ப்பாள். சைக்கிள் ஓட்டப் பழகியபோதும் அப்படித்தான் சாய்த்தாள். அப்போது கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன். மேலே போய் கயிற்றை விடச் சொன்னபோது மஞ்சள் குமிழை இழுக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. குமிழ் இறுக்கமாக இருக்கிறது, சிக்கந்தரை எண்ணெய் போடச் சொல்ல வேண்டும்.

முதுகுவலி தேவலை.

பிப்ரவரி 14, சனி

ருக்குமணி கடைக்குப் போய்ப் பெட்டி வாங்கி வந்திருக்கிறாள். சக்கரம் வைத்த பெட்டி, நீல நிறம். "புள்ளைக்குங்க" என்றாள். நான் கேட்கவே இல்லை.

பிப்ரவரி 15, ஞாயிறு

பறந்தோம். இரண்டு பேரும் இறங்கினோம்.

பிப்ரவரி 16, திங்கள்

பட்டறைக்குப் போகவில்லை. ரத்தக்கொதிப்பு மாத்திரையை நேற்று மறந்ததற்கும் சேர்த்து இன்று போட்டுக்கொண்டேன். அப்படிப் போடக் கூடாதாம். நேற்று நடந்ததை எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் கிளப்பில் ஆளுக்கொரு கதை கட்டுவார்கள்.

கிளம்புவதற்கு முன் மைதிலி சொன்னாள், டிக்கெட் போட்டாயிற்று, மார்ச் பத்தாம் தேதி என்று. கயிறு மாட்டிக்கொண்டிருக்கிற இடத்தில், பத்துப் பேர் நடுவில், அதைச் சொல்கிற நேரமா அது? ஏறி உட்கார்ந்தேன். கிளம்பினோம்.

ஓடுபாதை தாண்டி, தென்னந்தோப்புக்கு மேல் போகும்போது எனக்குப் பதில் தோன்றியது. நல்ல பதில். இப்போது அது என்னவென்று ஞாபகமில்லை. ரேடியோ பட்டனை அமுக்கினேன், கரகரவென்றது, சத்தத்தைக் கூட்டக் குனிந்தேன். குனியும்போது கை தன்னையறியாமல் கிளைடரை ஏற்றி இறக்குகிற ஸ்டிக்கைப் பின்னால் இழுத்திருக்கிறது.

நிமிர்ந்து பார்த்தபோது முன்னால் ஆகாயம் மட்டும்தான் இருந்தது. அவள் விமானத்தைக் காணவில்லை. கிளைடர் மேலே மேலே போகிறது, கயிறு என் மூக்குக்குக் கீழே எங்கேயோ செங்குத்தாக இறங்குகிறது, விறைத்துக்கொண்டு நிற்கிறது. நான் மேலே ஏற ஏற, கயிறு அவள் வாலைப் பிடித்து மேலே தூக்குகிறது. வால் தூக்கினால் மூக்கு கவிழும். கீழே தென்னந்தோப்பு.

முன்னால் இருப்பது கண்ணில் படாவிட்டால் அந்த நொடியே கயிற்றை விட வேண்டும். முதல் பாடமே அதுதான். கை மஞ்சள் குமிழ்மேல்தான் இருந்தது. இழுக்கவில்லை. ஒரு நொடி இருக்கும். இரண்டு என்று எதிராஜ் சொல்கிறார், கீழே நின்றவருக்கு எப்படித் தெரியும்? தகடு உடைந்துவிடும் என்று நினைத்தேன். தகடு எதனால் உடையாது என்பது உலகத்திலேயே எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். ஆனாலும் உடைந்துவிடும் என்று நினைத்தேன்.

அப்போது ரேடியோவில் "அப்பா, விடுங்க! விடுங்கப்பா!" என்று கேட்டது.

கிளப்பில் என்னை அவள் அப்பா என்று கூப்பிட்டதே இல்லை.

இழுத்தேன். டொக்கென்று விட்டது. நான் எப்படிச் சுற்றி வந்தேன், எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை. அவள் இறங்கியதைப் பார்த்தேன். சக்கரத்தில் தென்னங்கீற்று ஒன்று மாட்டிக்கொண்டு பச்சையாகத் தொங்கியது. வாலில் கயிறு இன்னும் இருந்தது. அவள் பக்கத்திலும் கயிற்றை விடுகிற பிடி உண்டு. இழுத்தாளாம். அந்தப் பாரத்தில் கொக்கி அசையவில்லையாம்.

இறங்கியவள் கயிற்றைக் கையால் தடவிக்கொண்டே அதன் கடைசிவரை நடந்து போனாள். முனையில் உட்கார்ந்து இரும்பு ஓட்டைக் கழற்றி உள்ளே பார்த்தாள். எதையோ எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். நான் கிளைடருக்குள்ளேயே இருந்தேன். மூடியைத் திறக்க முடியவில்லை. வெயிலில் சர்க்கரை இறங்கியிருக்கும்.

பிப்ரவரி 18, புதன்

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மைதிலி பட்டறைக்கு வந்தாள். ஆட்கள் எல்லாரும் வெளியே போயிருந்தார்கள். நேராக இழுக்கிற மிஷினிடம் போனாள். பையிலிருந்து இரண்டு தகடுகளை எடுத்து மேசையில் வைத்தாள். ஒன்று கிளப் பெட்டியிலிருந்து எடுத்த புதுத் தகடு. இன்னொன்றை நான் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை.

"மொதல்ல இதைப் போடுங்கப்பா" என்றாள்.

போட்டேன். ஐந்நூறில் உடைந்தது.

"எவ்வளவுங்க?"

"முள்ளு தெரியுதில்ல?"

"நீங்க சொல்லுங்க."

"ஐநூறு."

"இப்ப இது."

மாட்டினேன். மிஷினை ஓடவிட்டேன். ஐந்நூறு. அறுநூறு. அவள் முள்ளைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எண்ணூறு. மிஷின் முனக ஆரம்பித்தது. ஆயிரத்தைத் தாண்டியது. தகடு அப்படியே நிற்கிறது. என் வாழ்க்கையில் ஒரு சாமான் உடைய வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

"போதுங்கப்பா, நிறுத்துங்க" என்றாள்.

நிறுத்தினேன்.

"எப்படிக் கண்டுபிடிச்சே?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது?

"ஓரத்தைத் தடவிப் பாத்தேன். கையைக் கிழிக்கலை." உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். பழைய தழும்பு இன்னும் இருக்கிறது. "இதை நம்ம பட்டறையைத் தவுத்து வேற யாருங்கப்பா மழுக்கறாங்க?"

பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து அழுதாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன், அதற்குப் பதில் வைத்திருந்தேன். அழுகைக்கு வைத்திருக்கவில்லை.

"தோப்பு மேல வந்துச்சுங்கப்பா. ஒவ்வொரு மட்டையும் தனித்தனியாத் தெரிஞ்சுது. பழைய தகடா இருந்தா மொத இழுப்புலயே என்னை விட்டிருக்கும்."

தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்தாள். "நான் கிளப்புல ஒண்ணும் சொல்லலை. நீங்கதான் சொல்லோணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான் எழுதியதைப் படித்துப் பார்த்தேன். ஜனவரி 13ஆம் தேதி எழுதியிருப்பதைப் படித்தேன். மூன்றும் சொல்லிவைத்த மாதிரி ஒரே மட்டம் என்று எழுதியிருக்கிறேன். முப்பது வருடம் இரும்போடு குடித்தனம் செய்தவன் எழுதுகிற லட்சணமா இது? அதுதானே தரம், முட்டாளே.

பிப்ரவரி 21, சனி

கிளப் கூட்டம். கூலிங் கிளாஸ்காரர்கள் ஏசி அறையிலும் அதைக் கழற்றவில்லை. தகடு ஏன் உடையவில்லை என்று விசாரணை. ஆளாளுக்குப் பேசி, கடைசியில் கயிற்றைப் பார்த்துக்கொள்கிற சிக்கந்தரிடம் வந்து நின்றார்கள். தப்பான தகடு மாட்டிவிட்டானாம், வேலையை விட்டு எடுத்துவிடலாமாம். கண்டுபிடிப்பதில் என்ன ஒரு வேகம்! சிக்கந்தர் சுவரோரம் நின்று என்னையே பார்த்தான். டீ குடிக்கப் போன நேரம் அவனுக்கும் ஞாபகம் இருந்திருக்கும்.

"தகடு என்னுது" என்றேன். "நானே செஞ்சேன், நானே மாட்டுனேன். அவன் மேல கை வெச்சீங்கன்னா நல்லா இருக்காது."

இப்போது கழற்றினார்கள், எல்லாரும், கூலிங் கிளாஸை.

எதிராஜ் வெகுநேரம் மீசையைத் தடவினார். "ஏன் சார்?" என்று ஒரே ஒரு கேள்வி. உடையாமல் இருக்கட்டும் என்றுதான் என்றேன். அவருக்குக் கல்யாணமாகிப் போன மகள்கள் உண்டு. அதற்குமேல் கேட்கவில்லை.

தனியாகப் பறக்கத் தடை. முதல் பாடத்திலிருந்து மறுபடி படிக்க வேண்டும், பின் சீட்டில் எதிராஜோடு. வயசான காலத்தில் ஒன்றாம் வகுப்பு. விலகிவிடலாம் என்று நினைத்தேன். பத்தாம் தேதிவரை பார்க்கலாம்.

பிப்ரவரி 23, திங்கள்

வீட்டு பியூஸில் கட்டியிருந்த கம்பியைப் பிடுங்கிவிட்டுச் சரியான கம்பி போட்டேன். மிக்ஸி போட்டதும் போய்விட்டது. ருக்குமணி தேங்காய்ச் சட்னியைப் பாதியில் நிறுத்திவிட்டு, "ஏனுங்க, இத்தன நாளா நல்லாத்தானே இருந்துச்சு?" என்றாள். மிக்ஸியில்தான் கோளாறாம். எலக்ட்ரீஷியன் வந்து சொன்னான், மோட்டாரில் காயில் சுருள் கருகி எப்போது வேண்டுமானாலும் பற்றிக்கொள்ளும் நிலையில் இருந்ததாம். அவன் சொல்லும்போது என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

மார்ச் 1, ஞாயிறு

எதிராஜ் பின் சீட்டில். "பார்வை முன்னாடி சார், முன்னாடி" என்று ஓயாமல் சொல்கிறார். கோயில் மணி அடிப்பது போல இருக்கிறது. முன்னாடிதான் பார்க்கிறேன். அவள் இழுக்கிறாள். என்னைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போக எல்லா உரிமையும் உள்ளவள், ஒழுங்காக இழுக்கிறாள். திரும்பும் முன் தலையைச் சாய்க்கிறாள்.

மார்ச் 8, ஞாயிறு

மைதிலிக்குக் கிளப்பில் கடைசி நாள். சமோசா, கேக், மூன்று பேச்சு. ஒவ்வொரு பேச்சிலும் வானம் வந்தது, சிறகு வந்தது. கேட்கக் கேட்க இவள் மாலத்தீவுக்கு ஓடுவது நியாயம் என்று தோன்றியது.

கயிறு மாட்டும் முன்பு நானே சிக்கந்தரிடம் இரும்பு ஓட்டைக் கழற்றிக் காட்டச் சொன்னேன். தகட்டின் ஓரத்தை விரலால் தடவினேன். நன்றாகக் கிழித்தது. முடுக்கச் சொன்னேன். அவன் சிரிக்காமல் இருக்கப் பட்ட பாடு இருக்கிறதே!

கிளம்பினோம். தோப்பைத் தாண்டினோம். இடது திருப்பம் வந்தது. இந்தத் தடவை கயிறு தானாகத் தொய்யவில்லை. நான்தான் திருப்பத்தில் உள்பக்கமாக வெட்டி அவளை நெருங்கிப் போனேன், அதனால் தொய்ந்தது. அவள் தலை சாய்ந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன். கயிறு வெடுக்கென்று இறுகியது.

பட்.

அவள் விமானம் லேசாகி மேலே எழுந்தது. வால் நேராக இருந்தது. போய்க்கொண்டே இருந்தாள்.

"திரும்பாதீங்க சார், உயரம் பத்தாது, நேரா எறக்குங்க. நான் கை வைக்க மாட்டேன்" என்றார் எதிராஜ். எதிரே கொள்ளு அறுத்த காடு. இறக்கினேன். கட்டாந்தரையில் தட்டுத்தடுமாறி, ஒரு வரப்புக்கு முன்னால் நின்றது. எதிராஜ் "பரவால்ல" என்றார். அவர் வாயிலிருந்து வருவதற்கு அது பெரிய சொல்.

தலைக்கு மேலே என்ஜின் சத்தம். எங்களைப் பார்க்க ஒரு சுற்றுச் சுற்றி வந்திருந்தாள். கயிறு பின்னால் தொங்குகிறது.

"கிளைடர், விட்டுப்போச்சு. நீங்க ஓகேவா?"

"ஓகே. கொள்ளுக்காட்டுல நிக்கறோம்."

"பாத்துட்டேனுங்க. டிராக்டர் அனுப்பச் சொல்றேன்."

பட்டனிலிருந்து விரலை எடுத்தேன். மறுபடி அமுக்கினேன். கரகரவென்றது. இந்தத் தடவை நான் குனியவில்லை. நிமிர்ந்து, மூடிக் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன்.

"போயிட்டு வா, கண்ணு."

ரேடியோவில் "சரிங்கப்பா" என்று வந்தது. இறக்கைகளை இரண்டு பக்கமும் ஆட்டிவிட்டு ஓடுபாதைப் பக்கம் திரும்பினாள். கிளப் ஸ்பீக்கரில் கூலிங் கிளாஸ் கூட்டம் முழுக்கக் கேட்டிருக்கும். கேட்கட்டும். எதிராஜ் பின்னால் மூக்கைச் சிந்தினார். தூசி என்றார்.

இறங்கிக் கிளைடரின் மூக்கடியில் பார்த்தேன். கொக்கியில் பாதித் தகடு மாட்டிக்கொண்டிருந்தது. மறுபாதி கயிற்றோடு அவளிடம் போய்விட்டது. இந்தப் பாதியை மட்டும் வைத்து மிஷினில் எதையும் பார்க்க முடியாது. பார்க்க வேண்டியதும் இல்லை. சரியான பாரத்தில்தான் உடைந்திருக்கும்.